சௌமியா பிறந்த கிழமை

1

செனின், செலாசா, ரபு, கமிஸ், ஜுமாத், சப்து, மிங்கு. திங்கள் முதல் ஞாயிறு வரை, இந்தோனேசிய மொழியில். இந்த ஏழையும் மனப்பாடம் செய்ய எனக்குப் பதினொரு நாள் ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் ஒப்பித்துவிடும். எனக்கு வயது அறுபத்தொன்று. மூட்டு வலி உண்டு, முன்கோபம் அதைவிட அதிகம் உண்டு. ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்கிற வழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை. புனேயில், வாகடில் எங்கள் ஏழாவது மாடி வீட்டில், கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டேதான் படித்தேன்.

"கொஞ்சம் ஓரிடத்துல உக்காருதியளா? கீழ்வீட்டுக்காரன் நாளைக்கு வந்து சண்டை போடப்போறான்" என்றாள் கோமதி. என் மனைவி.

"நாளைக்கு இல்ல. பேசொக்."

"சரி, நாளைக் கழிச்சு வந்தா?"

"லூசா."

"அது எனக்குத் தெரிஞ்சதுதான. முப்பத்தஞ்சு வருசமா கூடக் குடியிருக்கேனே" என்று சிரித்தாள். அன்று முழுவதும் தனியாகவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பாடப்புத்தகம் ஒன்றும் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து என் தம்பி வருடா வருடம் அனுப்புகிற தினசரி காலண்டர்தான். காலையில் முந்தின நாள் தாளைக் கிழிப்பேன். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், சூலம். வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் அன்றைக்கு ஒரு சொல் எழுதுவேன். ஹாரி என்றால் நாள். மிங்கு என்றால் ஞாயிறு, வாரத்துக்கும் அதே பெயர். புலான் என்றால் மாதம், நிலவுக்கும் அதே பெயர். இது மட்டும் எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. திங்கள் என்று நாம் சொல்லவில்லையா? தாஹுன் என்றால் வருடம். எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போவேன். கோமதி துணி துவைக்கும்போது பையைப் பார்க்க மறந்தால், அந்த வாரத்துச் சொற்கள் எல்லாம் சட்டையோடு கரைந்துபோகும்.

கட்கியில் தொழிற்சாலை வேலைக்கென்று நாங்கள் புனேக்கு வந்து இந்தத் தையோடு முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கிறவர்கள் இன்னமும், "மராத்தி சரளமா வருமே?" என்று கேட்கிறார்கள். வராது. காய்கறி வாங்க வரும், கோபப்பட வரும். மனதில் இருப்பதைச் சொல்ல வராது. அப்படிப்பட்ட ஆள் இந்த வயதில் கடல் தாண்டிய ஒரு மொழியில் கிழமை படிக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் மகள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், மகளிடம் நான் நடந்துகொண்ட விதம்.

2

சௌமியா எங்களுக்கு ஒரே பெண். கட்கியில் பிறந்தாள். ஹிஞ்சவாடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து புனேக்குப் படிக்க வந்து, படித்து முடித்து வேலையிலும் சேர்ந்த காடெக் என்ற பையனைப் பிடித்துப்போனது. ஒரு வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அவங்களும் ஹிந்துதான். கோயில், பூஜா எல்லாம் இருக்கு. நம்மள விட ஜாஸ்தி."

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். எனக்கு வேண்டியதைக் கோமதியிடம் சொல்லுவேன், அவள் போய்ச் சொல்லுவாள். எல்லோருமாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சௌமியா கோமதி மூலம் கேட்டதற்கு, "எனக்கு எதுக்குப் பாஸ்போர்ட்டு? நான் எங்கயும் போறதா இல்லன்னு சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து அறையில் அவள் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. அந்த இரண்டு மாதத்தில் அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது அழுதாள் என்று எனக்குத் தெரியாது. கோபம் அடங்கி நான் வாயைத் திறந்தபோது அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி அனுமதித்துவிட்டது. காடெக்கோடும் அவன் குடும்பத்தோடும் இருந்து பழகிக்கொள்ள, பாலியில் அவர்கள் ஊரான தென்பசாருக்குக் கிளம்பிவிட்டாள். கல்யாணம் சித்திரையில் என்று முடிவாகியிருந்தது. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அங்க ஆண்ட்டிக்கு, காடெக்கோட அம்மாக்கு, இங்கிலீஷ் தெரியாது. நீங்க வந்தா எப்படிப் பேசுவீங்க?" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலண்டர் தாளில் எழுத ஆரம்பித்தேன்.

3

கல்யாணத்தை அங்கே பதிவு செய்ய, அவள் இதுவரை மணமாகாதவள் என்று இங்கிருந்து சான்று வேண்டும். அந்த அலைச்சலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் பிடித்துப் போய் எங்கேயாவது வரிசையில் நின்றால் மனம் கொஞ்சம் அடங்கியது.

முதல் நாளே சன்னலுக்கு அப்பாலிருந்து, "ஆட்நாவ் காய்?" என்றார் குமாஸ்தா. குடும்பப் பெயர் என்ன என்கிறார். மராட்டியத்தில் குடியிருக்கிற தமிழர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில் ஒருமுறையாவது வியர்த்திருப்பார்கள். மகளுக்கு என் பெயர், ஆறுமுகம், குடும்பப் பெயராக எழுதியிருக்கிறது. எனக்கோ என் அப்பா பெயர், சங்கரலிங்கம். அப்பனுக்கும் மகளுக்கும் வேறு வேறு குடும்பப் பெயரா என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவள் உன் சொந்த மகள்தானா என்று அவர் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். இனிஷியலை விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் சொன்னார்:

"உத்யா யா, காகா."

நாளைக்கு வாங்க பெரியவரே. நான் இந்த ஊரில் கற்றுக்கொண்ட முதல் மராத்திச் சொல்லே 'உத்யா'தான். இந்தியில் 'கல்'. அது நேற்றா நாளையா என்று தெரியாமல் வந்த புதிதில் ஒரு லீவு நாளில் வேலைக்குப் போய், பூட்டின வாசலில் நின்றிருக்கிறேன். இப்போது நாளை என்பதை ஐந்து மொழியில் சொல்லுவேன். ஐந்து மொழியிலும் அது வர நேரமாகிறது.

நான்கு நாளை கழித்துச் சான்று வந்தது. அதன் இந்தோனேசிய மொழிபெயர்ப்பைச் சௌமியா அனுப்பினாள். அதில் 'பெலும் காவின்' என்றிருந்தது. காவின் என்றால் கல்யாணம் என்று ஊகித்துவிட்டேன். பெலும்?

"பெலும்னா 'இன்னும் இல்ல' அப்பா. இங்க யாரும் சும்மா 'இல்ல'ன்னு சொல்ல மாட்டாங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்டா, பெலும். கல்யாணம் ஆச்சான்னா, பெலும். இனிமே ஆகும்னு அர்த்தம்" என்றாள் போனில்.

அன்றைய தாளின் பின்பக்கம் அதை எழுதிவைத்தேன்.

அதே சூட்டோடு எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். கோமதியுடையது வந்துவிட்டது. என்னுடையது அதே குடும்பப் பெயர்ச் சிக்கலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் இல்லாமல் தனியாகப் போக மாட்டேன் என்று கோமதி சொல்லிவிட்டாள். அந்த இரண்டு மாதத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் என்னுடையதும் எப்போதோ வந்திருக்கும். இதைக் கோமதி ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

4

மார்கழி பிறந்து இரண்டு வாரம் கழித்து, சௌமியாவுக்குத் தையில் ஓட்டோன் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஓட்டோன் என்பது அவர்களுடைய பிறந்தநாள். அவர்கள் காலண்டரில் நம்மைப் போல ஏழு நாள் வாரம் ஒன்று ஓடுகிறது. அதற்குப் பக்கத்தில் ஐந்து நாள் வாரம் ஒன்றும் ஓடுகிறது. இன்னும் சில வாரங்களும் உண்டாம், எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை ஒருவருடைய பிறந்தநாள் திரும்ப வரும். வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒருமுறையாவது பூசை வைத்துக் கையில் நூல் கட்டிவிட வேண்டும் என்பது சம்பந்தியம்மாவின் ஆசை. கிழமை தப்பினால் பூசையே வேறு யாருக்கோ போய்ச் சேரும் என்று சொன்னாராம்.

"எந்தக் கிழமைன்னு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"சப்து அப்பா. சாட்டர்டே. பாஸ்போர்ட்ல டேட் இருக்குல்ல, அத வச்சு ஆண்ட்டி கணக்குப் பண்ணிட்டாங்க."

எனக்குள் ஏதோ இடறியது. போனை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். திரும்பினேன். மறுபடி போனேன்.

சௌமியா பிறந்தது மார்கழிக் கடைசியில், கட்கி ஆஸ்பத்திரியில். பிரசவ அறைக்கு வெளியே நான் மட்டும்தான் இருந்தேன். குளிர் எலும்பைத் துளைத்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "முல்கி ஜாலி" என்றபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பது. பெண் பிறந்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன். கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெரு இன்னும் கருக்கலாகவே கிடந்தது. டீ வந்து, ஆறி, பாதி குடித்த பிறகுதான் தொழிற்சாலைச் சுவருக்கு மேலே சூரியன் எழுந்தது. அதைப் பார்த்து நான் கும்பிட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இங்கிலீஷ் தேதிக்கு அது சனிக்கிழமை. நமக்கோ சூரியன் உதித்தால்தான் கிழமை மாறும். ஆகவே அவள் வெள்ளிக்கிழமை. ஆனால் ஊரில் ஜோசியர் சனி என்றே ஜாதகம் எழுதிவிட்டார். போன் பூத்திலிருந்து அப்பாவிடம் கத்தினேன்.

"சூரியன் வரலப்பா. நான் கண்ணால பாத்தேன்!"

"எல, ஆறு முப்பத்தஞ்சுக்கே வந்துட்டு. நான் நல்லாவே பாத்தேன்" என்றார் அப்பா.

அவர் சொன்னதும் உண்மை. மார்கழியில் திருநெல்வேலியைவிடப் புனேயில் சூரியன் அரை மணி நேரம் பிந்தித்தான் வரும். ஜோசியர் திருநெல்வேலிச் சூரியனை வைத்து எழுதிவிட்டார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடுகிற பூத்தில் இதை விளக்கி ஜெயிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன். ஜாதகத்தில் சனி, பிறப்புச் சான்றிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிற தேதிக்கும் சனி. வெள்ளி என்பது என்னிடம் மட்டுமே இருந்தது. கோமதி அப்போது மயக்கத்தில் இருந்தாள்.

"இப்பம் போய் அதைச் சொன்னா, வயசுக்கே பொய் சொல்லுதாங்கன்னு நெனைக்க மாட்டாகளா? நல்லது நடக்கும்போது குறுக்க விழாதிய" என்றாள் கோமதி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பூசைக்கு நான் போகப்போவதில்லை. நூல் கட்டும்போது பக்கத்தில் நிற்கப்போவதில்லை. அவளுக்கென்று என்னிடம் இருப்பது இந்தக் கிழமை ஒன்றுதான். அதையும் வாயை மூடிக்கொண்டு விழுங்கச் சொன்னால் எப்படி?

5

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீடியோ கால். சம்பந்தியம்மா வாயான் முதல்முறையாக என்னோடு நேரே பேசுவதாக ஏற்பாடு. ஒல்லியான மனுஷி, நெற்றியில் ஒட்டிய அரிசி, காதுக்கு மேல் ஒரு பூ. பக்கத்தில் சௌமியா, பின்னால் காடெக். நான் கிழமைகளைச் சொன்னேன், மாதங்களைச் சொன்னேன். அந்த அம்மாள் கைதட்டினார். சௌமியாவின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போயிருப்போம்.

சம்பந்தியம்மா சுவர்க் காலண்டரைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, "சப்து, யா, பாக்?" என்றார். சனிக்கிழமை, சரிதானே ஐயா.

கோமதி என் முழங்கையைப் பிடித்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"புக்கான்" என்றேன். இல்லை. "புக்கான் சப்து. ஜுமாத்."

அந்தப் பக்கம் எல்லா முகமும் அப்படியே நின்றது.

"அய்யோ அப்பா! ஜுமாத்னா ஃப்ரைடே. மாத்திச் சொல்றீங்க" என்றாள் சௌமியா.

"மாத்திச் சொல்லல. நீ பொறந்தது வெள்ளிக்கிழமை."

"சர்டிஃபிகேட்ல இருக்கற டேட்டுக்கு சாட்டர்டேதானே வருது? ப்ளீஸ்ப்பா, கன்ஃப்யூஸ் பண்ணாதீங்க. ஆண்ட்டி எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீங்க ஏன் எப்பவும் லாஸ்ட்ல வந்து இப்படி..." அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். ரசத்தோடு நான் எழுந்துபோன அந்த மதியம் அவள் கண்ணில் இருந்தது.

அவளிடம் தமிழில் விளக்கலாம். அவள் நம்பினால்தானே மொழிபெயர்ப்பாள்? அதனால் அந்த அம்மாளையே பார்த்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் காலண்டர் தாள் சொற்கள். பாகி, காலை. அனாக், குழந்தை. மாத்தாஹாரி, சூரியன். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன், ஆறு விரல் காட்டினேன், ஐந்து விரலைப் பத்து முறை விரித்தேன். கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி, அது அழுகிற மாதிரி அழுதேன். அறுபத்தொரு வயதில், சம்பந்தி வீட்டார் முன்னால். பிறகு சன்னலைக் காட்டிச் சொன்னேன்.

"பாகி. அனாக். மாத்தாஹாரி பெலும்."

காலை. குழந்தை. சூரியன் இன்னும் இல்லை.

அந்த அம்மாள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். "பெலும் தெர்பித்?" என்று, சூரியன் எழுகிற மாதிரி கையைக் கீழிருந்து மேலே உயர்த்திக் கேட்டார். நான் தலையாட்டினேன். "பெலும், பெலும்."

அவர் உடனே எழுந்துபோய்ச் சுவர்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்து எண்ண ஆரம்பித்தார். காடெக் பின்னாலிருந்து புனே இந்தியில் விளக்கினான். அவர்கள் ஊரிலும் சூரியன் உதித்தால்தான் நாள் மாறுமாம். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு முந்தின நாள்தான் கணக்காம். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள் பிறந்த நேரத்தைக் கேட்க மறந்துவிட்டார்களாம்.

"ஜுமாத், பாக்" என்றார் சம்பந்தியம்மா, எண்ணி முடித்து. இரண்டு கையையும் கூப்பினார். அப்புறம் ஏதோ சொல்லிச் சிரித்தார். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு இது நாற்பத்தேழாவது ஓட்டோனாம். நாற்பத்தாறை நாங்கள் தெரியாமலே தவறவிட்டிருக்கிறோம்.

சௌமியா போனை எடுத்துக்கொண்டு தனியாக முற்றத்துக்கு வந்தாள்.

"இத எனக்கு நீங்க சொன்னதே இல்லப்பா."

"நீ கேக்கலயேம்மா."

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க."

கட்கி ஆஸ்பத்திரியை, குளிரை, டீயை, சுவருக்கு மேலே வந்த சூரியனை எல்லாம் சொன்னேன். ஊரில் அப்பாவோடு போட்ட சண்டையையும் சொன்னேன். அவளுக்குப் புரியாத தமிழ்ச் சொல் வந்தால் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். சின்ன வயதில்கூட அப்படிக் கேட்டதில்லை.

"அப்போ திருநெல்வேலில பொறந்திருந்தா நான் சாட்டர்டே?"

"ஆமா. இங்க பொறந்ததால வெள்ளி."

"அதான் நான் சொல்றேன்ல, நான் பக்கா புனேக்காரி" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகத் தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்துக்காக அப்போது மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள்.

ஊரை விட்டு வந்ததால் பிள்ளைக்கு என்னென்ன இல்லாமல் போனது என்றே இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழ் வாசிக்க வரவில்லை, சொந்தபந்தம் தெரியவில்லை. புனே அவளுக்கென்று ஒரு கிழமையைக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

6

இன்று பொங்கலுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. தென்பசாரில் ஓட்டோன். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது கடிகாரம். பூசை எப்போது என்று கேட்டதற்கு, "நானே கால் பண்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள் சௌமியா.

நான் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். கோமதியும் குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காலண்டரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இருநூற்றுப் பத்து நாளைத் தாள் தாளாகத் தள்ளி எண்ணியவள், "ஏங்க, அடுத்தது ஆடி வெள்ளில்லா வருது!" என்று கூவினாள். அந்தத் தாளின் முனையை மடித்துவைத்தாள். அதற்கடுத்த ஓட்டோன் இந்தக் காலண்டரில் இல்லை. அடுத்த வருடத்துக்குள் போய்விட்டது.

ஆறு ஐம்பதுக்கு, அன்றைக்கு நர்ஸ் கதவைத் திறந்த அதே நேரத்துக்கு, போன் அடித்தது. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அங்கே நல்ல வெயில். சௌமியா மஞ்சள் சேலையில், காதுக்கு மேல் பூவோடு, தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பழங்களும் தென்னங்குருத்தில் பின்னிய தட்டுகளும். சம்பந்தியம்மா நூலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமல் காத்திருந்தார்.

"ஏம்மா நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் வெய்ட் பண்ணச் சொன்னேன்பா" என்றாள். மணிக்கட்டை நீட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள். "அங்க சன் வந்துடுச்சா?"

பால்கனிக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். எதிர்க் கட்டடங்களுக்கு மேலே வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

"பெலும்" என்றேன்.

"அப்போ கட்டலாம்" என்றாள் என் மகள்.